கொம்புக்கு என்ன தீவனம், டாக்டரம்மா?

போன இதழில், முட்டிக்கொண்டதில் கொம்பு ஒடிந்த கிடாய்க்கு என்ன செய்வது என்ற கேள்விக்குப் பதில் எழுதியபோது, "மானாக இருந்தால் அடுத்த வருஷம் புதுசாக முளைத்துவிடும், ஆட்டுக்கு அந்த வசதி இல்லை" என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நம் கடற்கரை முழுக்கக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்த முறை மான் கொம்புதான். மடிநோய், கோழிக் கழிச்சல் கேட்டவர்களுக்கு அடுத்த இதழில் பதில். அவசரமென்றால் பத்திரிகைக்கு எழுதிக் காத்திருக்காதீர்கள், பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கீழக்கரை வாசகர்: என் மச்சான் டெக்சாஸில் சான் ஆன்டோனியோ ஊரில் வேலை பார்க்கிறார். நண்பரோடு ஒரு மான் பண்ணைக்குப் போய் வீடியோ எடுத்து அனுப்பினார். ஒவ்வொரு ஆண்மானின் தலையிலும் அவ்வளவு பெரிய கொம்பு. "கொம்பு பெருசா வரணும்னே மந்தையைப் பராமரிக்கிறாங்க" என்கிறார். ஊசி ஏதும் போடுகிறார்களா? அதோடு நம்ம ஊர்ப் புள்ளிமானும் அந்த வீடியோவில் நிற்கிறதே, அது எப்படி அங்கே போனது?

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன் தம்பி. புள்ளிமானை டெக்சாஸுக்கு 1932-இல் கொண்டுபோனார்கள். வேலி தாண்டிப் போய், இன்றைக்கு அங்கே காட்டிலும் மந்தை மந்தையாகத் திரிகிறது. வெளிநாட்டு மான் என்பதால் அந்த மாநிலச் சட்டத்தில் அதற்கு வேட்டைப் பருவம் என்று ஒன்றே கிடையாது. அதற்கும் முன்னால் 1868 வாக்கிலேயே ஹவாய் அரசருக்குப் பரிசாகப் போய், அங்கேயும் பெருகிப் பயிரைத் தின்றுகொண்டிருக்கிறது. உங்கள் மச்சான் சொன்ன பெரிய கொம்புக்காரர் வேறு. அது அந்த மண்ணிலேயே பிறந்த வெள்ளைவால் மான். பண்ணைக்காரர்கள் ராப்பகலாக யோசிப்பதெல்லாம் அதன் கொம்பைப் பற்றித்தான். வேட்டைக்கு வருகிறவர் கொம்பின் அளவைப் பார்த்துப் பணம் கொடுக்கிறார். அளப்பதற்கென்றே 1887-இல் தொடங்கிய பூன் அண்ட் க்ராக்கெட் என்ற சங்கத்தின் கணக்குமுறை இருக்கிறது. தண்டு, கிளை, சுற்றளவு, இடைவெளி எல்லாவற்றையும் அங்குலத்தில் கூட்டுவார்கள். சீரான கொம்புள்ள வெள்ளைவால் மானுக்கு 170 வந்தால்தான் அவர்களுடைய பெரிய பதிவேட்டில் பெயர் ஏறும்.

சரி, ஊசி. அதெல்லாம் இல்லை. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசியை யாராவது போட்டால் காரியம் கெட்டுவிடும். கொம்பு வளர்கிற மாதங்களில் ஆண்மானின் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் குறைவாகத்தான் இருக்கும். அது ஏற ஆரம்பித்தால் கொம்பு இறுகும், மேல்தோல் காய்ந்து உரியும், வளர்ச்சி அத்தோடு சரி. பாதி வளர்ந்த கொம்பில் வெளியிலிருந்து ஹார்மோன் ஏற்றினால் பாதியிலேயே முற்றிவிடும்.

அவர்கள் முதலில் பார்ப்பது வயதைத்தான். காசு செலவில்லாத வழி, ஆனால் யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. ஒன்றரை வயது வெள்ளைவால் மானின் தலையில் இருப்பது, அது கடைசியில் எட்டப்போகும் கொம்பில் ஏறக்குறைய கால்வாசி அல்லது கொஞ்சம் மேலே. இரண்டரை வயதில் பாதியைத் தாண்டும். மூன்றரையில் முக்கால். ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள்தான் முழுக்கொம்பு. காரணம் எளிது. இளம் மானின் உடம்பு தன் கால் எலும்பையும் முதுகெலும்பையும் கட்டிக்கொண்டிருக்கிறது. அதெல்லாம் முடிந்து மிஞ்சுவதுதான் தலைக்குப் போகும். ஆகவே நல்ல பண்ணையில் முதல் விதி, இளசைச் சுடாதே. கொம்பு கொஞ்சம் நன்றாக இருக்கிற இரண்டரை வயது மானைப் பார்த்ததும் துப்பாக்கியைத் தூக்குகிறவரால்தான் பெரும்பாலான இடங்களில் பெரிய கொம்பே வருவதில்லை. வயதை எப்படித் தெரிந்துகொள்வது? உயிரோடு நிற்கிற மானை உடம்பு வாகை வைத்து மதிப்பிடுவார்கள். கழுத்து தோளோடு சேருமிடம், வயிறு தொங்குகிறதா, முதுகு நேராக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். செத்த மானுக்குக் கடைவாய்ப் பல்லின் தேய்மானம். நம்ம சந்தையில் வாயைப் பிளந்து "ரெண்டு பல்லு, நாலு பல்லு, கடை சேர்ந்துருச்சு" என்று சொல்வார்களே, அந்த வித்தையேதான். இங்கே முன்பல், அங்கே கடைவாய்.

அடுத்தது தீவனம். அவர்கள் போடுவது என்னவென்று கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள்: பருத்திக்கொட்டை. தெற்கு டெக்சாஸில் கம்பி வலையை வட்டமாகக் கட்டி உள்ளே மூட்டை மூட்டையாகக் கொட்டி வைப்பார்கள். மான் வலைக்குள் வாயை விட்டு இழுத்துத் தின்னும், காட்டுப்பன்றி அவ்வளவாகச் சீண்டாது. இல்லையென்றால் குச்சித் தீவனம், 16 சதவீதத்துக்குக் குறையாத புரதத்தோடு. இந்தப் பதினாறு எங்கிருந்து வந்ததென்றால், டெக்சாஸ் அரசின் கெர் என்ற காட்டுயிர் ஆராய்ச்சி நிலத்தில் ஒரு கூட்டத்துக்கு 16 சதவீதம் புரதமும் இன்னொரு கூட்டத்துக்கு 8 சதவீதமும் கொடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். நாலு வயதில் நன்றாகத் தின்றவற்றின் கொம்பு எடை மற்றவற்றைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இங்கே எல்லாரும் சுண்ணாம்புச் சத்தைத்தான் கேட்பார்கள். கொம்பு எலும்புதானே, அப்போது கால்சியம் கொடுத்தால் போதுமே என்று. வளர்கிற கொம்பின் ஈரத்தை எடுத்துவிட்டுப் பார்த்தால் பெரும்பகுதி புரதம். கடைசி வாரங்களில்தான் தாது உப்பு வந்து இறுகுகிறது. முற்றிய கொம்பிலும் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் புரதம் இருக்கும். அந்தக் கடைசி வாரங்களுக்குத் தேவையான கால்சியமும் பாஸ்பரஸும் அன்றன்றைக்குத் தின்பதிலிருந்து மட்டும் கிடைத்துவிடாது. மான் தன் விலா எலும்பிலிருந்தே எடுத்துத் தலைக்கு அனுப்புகிறது. அப்போது விலா எலும்பு நொய்ந்துபோகும், அப்புறம் மேய்ந்து மேய்ந்து சரிக்கட்டிக்கொள்ளும். வருஷா வருஷம் இதே கதை. ஆகவே "கொம்பு வளர்க்கும் கட்டி" என்று படம் போட்டு விற்கிற உப்புக்கட்டியில் நடப்பதைவிட நல்ல மழையில் நடப்பது அதிகம். ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரைக்கும் வெள்ளைவால் மானின் கொம்பு நாளுக்கு அரை சென்டிமீட்டர் அளவில் வளர்கிறது. அந்தச் சமயத்தில் பச்சை இருந்தால் கொம்பு, இல்லையென்றால் இல்லை. வானம் பார்த்த பூமிக்காரர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே காட்டில் கிடக்கிற முள்மரம் கூட நமக்குத் தெரிந்த ஆள்தான். மெஸ்கீட் என்கிறார்கள், நம் சீமைக்கருவேலத்துக்குப் பங்காளி. அதன் நெற்றையும் மான் விரும்பித் தின்னும்.

மூன்றாவது, எண்ணிக்கை. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது புரியாது. கொம்பு பெரிதாக வேண்டுமென்று அவர்கள் அதிகமாகச் சுடுவது பெண்மான்களை. நிலம் நூறு மானைத் தாங்குமென்றால் அங்கே நூற்றைம்பது நிற்கும்போது எதுவும் வயிறார மேயாது. முதலில் நல்ல தழை போகும், அப்புறம் மான் எட்டுகிற உயரத்துக்குச் செடியே இருக்காது. கொட்டை கொட்டியே இதைச் சரிசெய்துவிடலாமென்று நினைக்கிற பண்ணைக்காரர் பணத்தைத்தான் கொட்டுகிறார்.

பெரியபட்டினத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி: எங்கள் வீட்டில் ஆடு இருக்கிறது. நல்ல கிடாயை மாற்றினால் அடுத்த ஈற்றுக் குட்டியிலேயே வித்தியாசம் தெரிகிறது. மானிலும் சின்னக் கொம்பு உள்ளவற்றைக் கழித்துவிட்டுப் பெரிய கொம்பை மட்டும் விட்டால் பரம்பரை சரியாகிவிடாதா?

நல்ல கேள்வி அம்மா. டெக்சாஸ் பண்ணைக்காரர்களும் பல காலம் இதைத்தான் நம்பினார்கள், இன்னும் நிறையப் பேர் நம்புகிறார்கள்.

உங்கள் வீட்டுக் கிடாய் ஒன்று. அது இருபது முப்பது ஆட்டுக்குச் சேர்கிறது. குட்டிக்கு அப்பன் யாரென்று உங்களுக்குத் தெரியும், பிடிக்காத கிடாயை அன்றைக்கே சந்தைக்கு ஓட்டிவிடுவீர்கள். காட்டு மானில் ஓர் ஆண் மானே எல்லாப் பெட்டைகளையும் பிடித்துக்கொள்வதில்லை. பல ஆண்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன, இளவட்டங்களும் உள்ளே புகுந்துவிடும். பெரிய கொம்புக்காரனின் குட்டிகளில் பிழைத்து வளர்வதும் கொஞ்சம்தான். அப்புறம் குட்டிக்குப் பாதி ரத்தம் தாயிடமிருந்து வருகிறது. தாய்க்குக் கொம்பே கிடையாது. அவள் எந்தக் கொம்புப் பரம்பரை என்று எதை வைத்துக் கழிப்பீர்கள்?

தெற்கு டெக்சாஸில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். ஹெலிகாப்டரிலிருந்து வலை வீசி மானைப் பிடித்து, கொம்பை அளந்து, அளவு குறைந்ததைக் கழித்துவிட்டு மற்றதை விடுவது. பல வருஷம் கடுமையாகக் கழித்தும் மந்தையின் கொம்புப் பரம்பரை உயரவில்லை. வேலிக்குள் அடைத்து, ரத்தப் பரிசோதனையில் தாய் தகப்பன் பார்த்து, சினை ஊசி போட்டு இனம் பெருக்குகிறவர்களுக்குக் கொம்பு மளமளவென்று ஏறுகிறது, அது உண்மை. ஆனால் அது உங்கள் வீட்டுக் கொட்டில் மாதிரி, காடு அல்ல. சிலசமயம் தலையில் வெறும் கவைகூட இல்லாமல் கூர்முனை மட்டும் நிற்கும். ஒன்றரை வயதில் அப்படி இருக்கிற மான் பரம்பரைச் சொத்தைதான் என்று சொல்லிவிட முடியாது. பின்பருவத்தில் பிறந்திருக்கலாம், வறட்சி வருஷத்துக் குட்டியாக இருக்கலாம்.

உங்கள் ஆட்டுக்கும் பயன்படுகிற ஒரு விஷயம் இதில் இருக்கிறது. அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் மேற்கே பிளாக் ஹில்ஸ் மலைப்பக்கத்து மான் சின்ன உடம்பு, சின்னக் கொம்பு. கிழக்கே விளைநிலப் பக்கத்து மான் பெரிது. இரண்டு பக்கத்து மான்களையும் கொண்டுவந்து ஒரே தீவனம் கொடுத்து வளர்த்தார்கள். மலைப்பக்கத் தாய்க்குப் பிறந்த ஆண்கள் நல்ல தீவனத்திலும் சின்னதாகவே நின்றன. பரம்பரைதான் காரணம் என்று அங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் அதே தீவனத்தில் வளர்ந்த அடுத்த தலைமுறை, கிழக்கத்தி மானுக்குச் சமமாக வந்துவிட்டது. அதாவது பாட்டி பட்ட பட்டினி தாய்வழியாகப் பேரன் வரைக்கும் வந்திருக்கிறது. ஆகையால் உங்கள் வீட்டில் கிடாயை மாற்றிவிட்டு அடுத்த ஈற்றைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். சினையாட்டுக்குக் கடைசி ஒன்றரை மாதத்தில் என்ன போடுகிறீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் அப்போதுதான் மேய்ச்சல் வறண்டு கிடக்கும், யாரும் ஒன்றும் போடுவதில்லை.

மண்டபம் ஆசிரியர்: பிள்ளைகளைக் கிண்டி சிறுவர் பூங்காவுக்கு அழைத்துப் போயிருந்தோம். ஒரே அடைப்பில் ஒரு புள்ளிமானுக்குக் கொம்பு பளபளவென்று, இன்னொன்றுக்கு மயிர் மூடிய தடித்த கொம்பு, மற்றொன்றுக்குத் தலையில் ஒன்றுமே இல்லை. ஏதாவது நோயா?

நோய் இல்லை சார். மூன்றும் ஒரே வட்டத்தின் மூன்று இடங்களில் நிற்கின்றன. மானின் கொம்பு முழுக்க எலும்பு. முளைக்கும், வளரும், இறுகும், தோல் உரியும், சண்டைக்குப் பயன்படும், அப்புறம் அடியோடு கழன்று விழும், மறுபடி முளைக்கும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் வெளிமானுக்கும் இருப்பது வேறு. உள்ளே எலும்பு, மேலே நகம் மாதிரியான பொருளில் ஒரு கூடு, ஆயுளுக்கும் அதுதான்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஓர் ஊரின் மான்கள் எல்லாமே ஏறக்குறைய ஒரே சமயத்தில் கொம்பு உதிர்க்கும். பகல் நீளுவதையும் குறைவதையும் பார்த்துத்தான் உடம்பு ஹார்மோனைக் கூட்டிக் குறைக்கிறது. சான் ஆன்டோனியோவில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய நாலு மணி நேர வித்தியாசம். உங்கள் மண்டபத்தில் ஆனிக்கும் மார்கழிக்கும் ஒரு மணி நேரம்தான். அவ்வளவு சன்னமான கடிகாரத்தை வைத்துக்கொண்டு எல்லா மானும் ஒரே நாளில் எழுந்திருக்குமா? நம் புள்ளிமான்களில் ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு சுற்று ஓடும், ஆனால் அதனதன் கணக்கில். கொம்பு முற்றியவை கூடுதலாகத் தெரிகிற மாதங்கள் உண்டு, என்றாலும் எந்த மாதம் பார்த்தாலும் எல்லா நிலையும் இருக்கும். குட்டியும் அப்படித்தான், வருஷம் முழுக்கப் பிறக்கும்.

அந்த மயிர் மூடிய நிலையை வெல்வெட் என்பார்கள். பணியில் இருந்தபோது கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாயல்குடியைத் தாண்டி லாரி மோதிச் செத்த ஓர் ஆண்மானின் பிரேதப் பரிசோதனைக்கு வனத்துறையினர் கூப்பிட்டார்கள். போய்ச் சேர்ந்தபோது உடம்பு ஆறவில்லை. கொம்பு ஒரு சாண் நீளம், வெல்வெட்டில் இருந்தது. தொட்டதும் கையில் பட்டது சூடு. காதைவிட, மூக்கைவிடக் கொம்பு சூடாக இருந்தது. நுனியை அழுத்தினால் அவித்த பனங்கிழங்கு மாதிரி விரல் லேசாகப் பதிந்தது, அடியில் வர வர கெட்டி. ஒரு பக்கம் சிராய்த்திருந்த இடத்திலிருந்து ரத்தம் வழிந்து கண்வரைக்கும் இறங்கிக் காய்ந்திருந்தது. அந்தத் தோலுக்குள் ரத்தக்குழாயும் நரம்பும் அவ்வளவு நெருக்கம். முற்றிய கொம்பின் மேல் நீளநீளமாக வரி ஓடுமே, அது அந்தக் குழாய்கள் கிடந்த தடம். பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள்.

சாயல்குடி விவசாயி: என் பனங்காட்டை ஒட்டிச் சீமைக்கருவேலங்காடு. விடியற்காலையில் புள்ளிமான் கூட்டம் வந்து உளுந்தைக் கடித்துவிட்டுப் போகிறது. கோபம் வந்தாலும் அந்த ஆண்மானைப் பார்த்தால் விரட்ட மனசு வரவில்லை. தாது உப்புக்கட்டி கட்டிவிட்டு, கொஞ்சம் பருத்திக்கொட்டையும் வைத்தால் கொம்பு இன்னும் பெரிதாகுமா? ஊருக்கே அழகாக இருக்கும்.

அண்ணாச்சி, உங்கள் மனசுக்கு ஒரு கும்பிடு. ஆனால் வைக்காதீர்கள்.

முதலில், நீங்கள் நினைக்கிற மாதிரிக் கொம்பு வராது. நம் புள்ளிமானுக்கு ஒரு பக்கத்துக்கு மூன்று கிளைதான் அமைப்பு. நெற்றிக்கு மேலே ஒன்று, உச்சியில் கவையாக இரண்டு. கீழக்கரைத் தம்பியின் மச்சான் அனுப்பிய வீடியோவில் வருகிற பத்துக் கிளை இதற்கு எதைப் போட்டாலும் முளைக்காது. நீளம் கூடும், கனம் கூடும், அவ்வளவுதான். நன்கு மேய்ந்த கிழ ஆணுக்கு 75 சென்டிமீட்டர் தொட்டால் அது பெரிய கொம்பு. உப்பும் நம் கரையில் பஞ்சமான பொருள் இல்லை. கடல்காற்றே கொண்டுவந்து தழையில் பூசிவிடுகிறது. கிளிஞ்சலும் சுண்ணாம்பும் கலந்த மண்ணில் குறைவது பாஸ்பரஸ், மண்ணில் இருந்தாலும் சுண்ணாம்பு பிடித்துக்கொண்டு செடிக்கு விடாது. வெறும் உப்பை நக்கி அது சரியாகாது.

இரண்டாவது காரணம் பெரிது. இன்று தீவனம் வைத்தால் நாளை விடிந்த பிறகும் மான் அங்கேயே நிற்கும். ஊர் நாய் கண்டுகொள்ளும். சாலையைத் தாண்டித் தாண்டி வரும், லாரியைப் பற்றித்தான் மேலே எழுதினேனே. உங்கள் ஆடு மாடும் அதே இடத்தில் வாய் வைக்கும். கோமாரி இரண்டு பக்கமும் போகும், மாட்டிலிருந்து மானுக்கும் மானிலிருந்து மாட்டுக்கும். உங்கள் மாட்டுக்குத் தடுப்பூசி போட ஆள் வருவார்கள், மானுக்கு யார் போடுவது?

செய்ய விரும்பினால் இதைச் செய்யுங்கள். தரைமட்டமாகக் கிடக்கிற பழைய கிணற்றுக்கு இடுப்பு உயரத்துக்குக் கைப்பிடிச் சுவர் எடுங்கள். சித்திரை, வைகாசியில் கண்மாய் வற்றினால் தண்ணீர் தேடி வருகிற மான் கிணற்றில்தான் விழுகிறது. உளுந்துச் சேதத்தை வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள், காட்டுக்குள் தண்ணீர்த் தொட்டி நிரப்பச் சொல்லியும் அதே மனுவில் கேளுங்கள். வேலியில் நேரடியாகக் கரண்ட் மட்டும் விடாதீர்கள். அது மானை மட்டும் கொல்லாது, ஜெயிலும் உண்டு.

தொண்டி வாசகி: சுள்ளி பொறுக்கப் போன இடத்தில் உதிர்ந்த மான் கொம்பு ஒன்று கிடைத்தது. பாட்டி உரசிப் பற்றுப் போடலாம் என்கிறாள். வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் தாயி. தானாக உதிர்ந்ததே ஆனாலும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது அரசாங்கச் சொத்து. கையில் வந்த 48 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்திலோ வன அலுவலகத்திலோ தெரிவிக்க வேண்டும். "நான் மானைக் கொல்லவில்லையே" என்பது பதிலாகாது. இனிமேல் பார்த்தால் எடுக்காமல் விட்டுவிடுங்கள், அது வீணாகப் போகாது. முள்ளம்பன்றியும் எலியும் கடித்துத் தின்று கால்சியம் எடுத்துக்கொள்ளும், மானே சிலசமயம் பழைய கொம்பை மெல்லும். பற்றுப் போடுவது, பற்பம் இதெல்லாம் பற்றிக் கேட்க வேண்டுமானால் சித்த மருத்துவரைக் கேளுங்கள், நான் மாட்டு டாக்டர்.

தேவிபட்டினம் தீவனக் கடைக்காரர்: நியூசிலாந்தில் மானை ஆடு மாதிரி வளர்த்துக் கொம்பை வெட்டி ஏற்றுமதி செய்கிறார்களாம். இங்கே அனுமதி வாங்கி அப்படி ஒரு பண்ணை வைக்க முடியுமா? தீவனம் என் கடையிலேயே இருக்கிறது.

உங்கள் கடைக்கு வியாபாரம் கூடுமென்றால் எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் இந்த வழியில் இல்லை. நம் நாட்டுச் சட்டத்தில் காட்டு மானைப் பிடித்து வணிகத்துக்கு வளர்க்க இடமே கிடையாது.

நியூசிலாந்தின் கதை வேறு. அங்கே மான் என்பதே இல்லாமல் இருந்தது. வெள்ளைக்காரர்கள் வேட்டைக்கென்று செம்மானைக் கொண்டுவந்து விட்டு, அது மலையையே மொட்டையடிக்கிற அளவுக்குப் பெருகிய பிறகு, 1969-இல் பண்ணை வளர்ப்பைச் சட்டப்படி அனுமதித்தார்கள். வெல்வெட் நிலையில் இருக்கும்போதே கொம்பை அறுத்துப் பதப்படுத்திக் கொரியாவுக்கும் சீனாவுக்கும் அனுப்புகிறார்கள். இரண்டு மாத வளர்ச்சியில், மரத்துப்போக ஊசி போட்டு, மருத்துவரோ பயிற்சிச் சான்று பெற்ற பண்ணைக்காரரோ அறுக்க வேண்டும். மேலே சொன்ன நரம்பையும் ரத்தத்தையும் நினைத்துப் பாருங்கள், மரக்க வைக்காமல் அறுப்பது உயிரோடு விரலை வெட்டுவது. செம்மானின் கொம்பு உச்ச வேகத்தில் நாளுக்கு இரண்டு சென்டிமீட்டர் வரை வளரும் என்பதால் ஒரு வாரம் தள்ளினாலும் முற்றி விலை குறைந்துவிடும்.

அடைத்து வளர்ப்பதில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது, கீழக்கரைத் தம்பி தன் மச்சானுக்கும் சொல்லட்டும். 1967-இல் கொலராடோவில் அடைப்பிலிருந்த மான்களில் முதன்முதலாகக் கண்டுபிடித்த க்ரானிக் வேஸ்டிங் டிசீஸ் என்ற ஒரு நோய், மூளையை அரித்து மானை எலும்பும் தோலுமாக்கிக் கொல்கிறது. கிருமி என்று சொல்ல முடியாத, உருக்குலைந்த ஒரு புரதம்தான் காரணம். எச்சில், சிறுநீர் வழியாகப் பரவி மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும். தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை. டெக்சாஸில் 2012-இல் காட்டு மானிலும், 2015-இல் அடைப்பு மானிலும் கண்டார்கள். கொம்புக்காக ஒரே தொட்டியில் நாற்பது மானை வாய் வைக்க விடுவதும், நல்ல கொம்புக்காரனை லாரியில் ஏற்றி மாநிலம் விட்டு மாநிலம் விற்பதும் அதற்கு எவ்வளவு வசதி என்று யோசியுங்கள். மனிதருக்கு இந்த நோய் வந்ததாக இதுவரை உறுதியாகவில்லை. என்றாலும் நோயுள்ள மானின் கறியைத் தின்னாதீர்கள் என்றுதான் அங்கே சுகாதாரத் துறையினர் சொல்கிறார்கள். மச்சானுக்கு யாராவது வேட்டைக் கறி கொடுத்தால், நோய் பரிசோதனை செய்ததா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஏர்வாடி வாசகர்: மானை விடுங்கள் டாக்டரம்மா. என்னிடம் கீழக்கரிசல் இனச் செம்மறிக் கிடாய் இருக்கிறது, ஆறு மாதக் குட்டி. கொம்பு தடித்துத் திருகி வர வேண்டும் என்று தவிடும் கம்பும் நிறையப் போடுகிறேன். சரிதானே? காயடித்துவிட்டால் உடம்பு ஏறிக் கொம்பும் ஏறும் என்கிறார்களே?

காயடித்தால் உடம்பு ஏறும், கொம்பு படுத்துவிடும். கிடாய்க்கு அந்தத் தடிப்பும் திருகலும் ஆண் ஹார்மோன் கொடுப்பது. மானில் இன்னும் வேடிக்கை. கொம்பு முற்றிய மானைக் காயடித்தால் சில வாரத்தில் கொம்பு விழும், அடுத்து முளைப்பது கடைசிவரைக்கும் வெல்வெட்டிலேயே நிற்கும், உரியவே உரியாது.

தவிடும் கம்பும் நிறைய என்கிறீர்களே, அங்கேதான் எனக்குப் பயம். இரண்டிலும் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. மொத்தத் தீவனத்தில் பாஸ்பரஸைப் போல் இரண்டு மடங்கு கால்சியம் இருக்க வேண்டும். அது தலைகீழானால் கிடாய்க்குச் சிறுநீர்ப்பாதையில் கல் அடைக்கும். தவிட்டைப் பாதியாகக் குறையுங்கள். அகத்தி, வேலிமசால் எது கிடைத்தாலும் தினமும் கட்டுங்கள், புரதமும் கால்சியமும் அதில் இருக்கிறது. கடற்கரையில் உடைமரம் நெற்று உதிர்கிற காலத்தில் பொறுக்கிச் சேர்த்து வையுங்கள். சீமைக்கருவேல் நெற்றைக் காயவைத்து இடித்து அடர்தீவனத்தில் கலக்கலாம், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். தாது உப்புக் கலவையைப் பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவுக்கு மேல் அள்ளிப் போடாதீர்கள். குடிக்கிற தண்ணீர் உப்புக் கரித்தால் கிடாய் குறைவாகக் குடிக்கும், கல்லுக்கு அதுவே வழி. மழைத்தண்ணீரோ குடிநீரோ இரண்டு வேளை வையுங்கள்.

குட்டி வாலை ஆட்டி ஆட்டி முக்கி, சொட்டுச் சொட்டாக விட்டாலோ, வயிற்றை உதைத்துக்கொண்டு கத்தினாலோ, "சூடு பிடித்திருக்கிறது" என்று சீரகத்தண்ணீர் கொடுத்து இரண்டு நாள் பார்க்காதீர்கள். அன்றைக்கே வண்டியில் ஏற்றுங்கள். மறுநாள் காலையில் சிறுநீர்ப்பை வெடித்துவிட்டால் எந்த டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது.